பள்ளி பிள்ளைகளின் குணத்தை வளர்க்கிறதா? ஆராயப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பள்ளிகளில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தேன். அதில் பெரும்பகுதி லைஃப் ஓரியன்டேஷன், அதாவது வாழ்க்கை நெறிப் பாடம். இப்போது சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் இளையவர்களும், வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்கும் ஆசிரியர்களும் வந்து உட்காருவார்கள். பள்ளிகள் மாணவர்களின் குணத்தையும் நெறியையும் எப்படி வளர்க்கின்றன என்பது அவர்களில் பலருடைய ஆய்வுத் தலைப்பு. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாத்தா, ஆயாமாரும் நின்று கேட்டுவிட்டுத் தங்கள் கேள்வியையும் போடுவார்கள். பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வந்த அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், ஒழுக்கம் ஒழுக்கம் என்கிறோமே, பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நடப்பதுதானே அது?

நம் பேச்சில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. வரிசையில் நிற்பது, சட்டையை உள்ளே விடுவது, மணி அடித்ததும் பேச்சை நிறுத்துவது எல்லாம் ஒன்று. அதைக் கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்வோம். யாரும் பார்க்காதபோது கீழே கிடக்கும் பணத்தை என்ன செய்கிறான், நாலு பேர் சேர்ந்து ஒருத்தியைச் சீண்டும்போது எந்தப் பக்கம் போய் நிற்கிறாள் என்பது இன்னொன்று. அதைத்தான் இங்கே குணம் என்று சொல்கிறேன்.

கட்டுப்பாடு நன்றாக இருக்கும் பள்ளியில் குணம் வளராமலே போகலாம். சத்தமும் கூச்சலுமாக இருக்கும் பள்ளியில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் தேடுவது எது என்பதை ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் போன ஒருவர், தாமதமாக வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி, குணம் வளர்ந்துவிட்டது என்று முடிவு எழுதிக்கொண்டு வந்தார். திரும்ப ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

நம்ம நாட்டுப் பள்ளிகளில் இதற்கென்று தனிப் பாடம் இருக்கிறதா?

இருக்கிறது. கிரேடு ஆர் (முதல் வகுப்புக்கு முந்தின வருஷம்) முதல் 6 வரை லைஃப் ஸ்கில்ஸ், 7 முதல் 12 வரை லைஃப் ஓரியன்டேஷன். ஆனால் கிரேடு 10 முதல் 12 வரை அந்தப் பாடத்துக்கு வாரம் 2 மணி நேரம்தான். அதில் ஒரு மணி நேரம் உடற்கல்விக்குப் போய்விடும். மனித உரிமை, சமூகப் பொறுப்பு, உடல்நலம், வேலைத் தேர்வு, படிக்கும் முறை எல்லாம் மிச்சமுள்ள ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கைப் புள்ளியில் இந்தப் பாடத்தைச் சேர்ப்பதில்லை என்பது பிள்ளைகளுக்கும் நன்றாகத் தெரியும்.

பாடம் ஒரு பக்கம் இருக்க, 2001-இல் கல்வி அமைச்சர் காதர் அஸ்மல் காலத்தில் விழுமியங்கள், கல்வி, ஜனநாயகம் பற்றி ஓர் அறிக்கை வந்தது. அரசியல் சட்டத்திலிருந்து பத்து விழுமியங்களை எடுத்து, பள்ளிகள் இவற்றை வளர்க்க வேண்டும் என்றது: ஜனநாயகம், சமூக நீதி, சமத்துவம், இனபேதமும் பால்பேதமும் இல்லாமை, உபுன்டு (ஒருவரால் ஒருவர் வாழ்கிறோம் என்ற ஆப்பிரிக்க எண்ணம்), திறந்த சமூகம், பதில் சொல்லும் பொறுப்பு, சட்டத்தின் ஆட்சி, மரியாதை, சமரசம். பல பள்ளிகளில் இவை சுவரில் தொங்குவதைப் பார்க்கலாம். ஆய்வு செய்பவர் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது.

சனிக்கிழமை வகுப்பில் நீதிப் பாடல்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோமே, அது போதாதா?

இதைக் கேட்டவர் ஓர் ஆயா. பேத்தி முப்பது வரி தடுமாறாமல் ஒப்பித்த மகிழ்ச்சியில் கேட்டார். அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. மனப்பாடம் பிள்ளைக்குச் சொற்களைக் கொடுக்கிறது. பிற்பாடு ஒரு நாள் தன் மனசுக்குள் நடப்பதற்குப் பெயர் வைக்க அந்தச் சொற்கள் உதவும்.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு. 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஏறக்குறைய 11,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பரீட்சைத் தாளைத் தாங்களே திருத்தச் சொன்னார்கள், விளையாட்டில் ஏமாற்ற வாய்ப்பு விட்டு வைத்தார்கள். எது சரி என்று நன்றாகச் சொன்ன பிள்ளைகள் அதனாலேயே நேர்மையாக நடந்துவிடவில்லை. ஒரு இடத்தில் ஏமாற்றாத பிள்ளை இன்னொரு இடத்தில் ஏமாற்றியது. பிள்ளைகளை நேர்மையானவர்கள், பொய்யர்கள் என்று இரண்டு கூடையில் பிரிக்க முடியாது என்பதுதான் அந்த ஆய்வின் பெரிய செய்தி. இடமும் சூழலும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைத் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எங்க காலத்தில் பிரம்படி விழுந்தது, ஒழுங்காக வளர்ந்தோம். அடியை நிறுத்தினதால்தானே இப்போ இப்படி?

ஒவ்வொரு வாரமும் யாராவது ஒரு தாத்தா இதைக் கேட்பார். 1996-ஆம் ஆண்டு பள்ளிச் சட்டம் அடியைத் தடை செய்தது. சில கிறிஸ்தவத் தனியார் பள்ளிகள் மத நம்பிக்கையின் பேரில் விலக்கு கேட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போயின. 2000-இல் அங்கும் முடியாது என்று தீர்ப்பு வந்தது. 2019-இல் அதே நீதிமன்றம், வீட்டில் பெற்றோர் அடிப்பதற்குச் சட்டம் கொடுத்திருந்த சலுகையையும் நீக்கியது.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அடி கொடுப்பது கட்டுப்பாட்டைத்தான். முதல் கேள்வியில் பிரித்துச் சொன்னேனே, அந்தப் பிரிவு இங்கேதான் உதவும். அடிக்குப் பயந்த பிள்ளை, அடிப்பவர் வருகிறாரா என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

இதில் நம் மண்ணிலேயே நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 1910-இல் ஜோகனஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி சத்தியாகிரகிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அதில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய, அவரே அவர்களுக்குத் தமிழும் சொல்லிக் கொடுத்தார். அடங்காத ஒரு பையனை ஒரு நாள் ரூல் தடியால் அடித்துவிட்டு, அடிக்கும்போதே தன் கை நடுங்கியதையும், பிறகு அதற்காக வருந்தியதையும் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் கேட்பதில்லை என்பது பண்ணையின் விதி. குழி தோண்டுவதிலிருந்து சமையல் வரை ஆசிரியர்களும் கூடவே நின்றார்கள். நான் இதைத் தாத்தாமாரிடம் சொன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர், தன்னை அடிக்காமலே திருத்திய ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். அந்தக் கதைகளைக் குறித்து வையுங்கள். அவை நல்ல ஆய்வுப் பொருள்.

சரி, பாடத்திலும் இல்லை, அடியிலும் இல்லை என்றால் பள்ளியில் குணம் எங்கேதான் வளர்கிறது?

யாராவது தப்பு செய்த பிறகு பள்ளி என்ன செய்கிறது என்று போய்ப் பாருங்கள். நான் இத்தனை வருஷத்தில் கண்டதை ஒரு வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பணம் தொலைந்தால் யார் விசாரிக்கிறார்கள்? சந்தேகம் முதலில் யார் மேல் விழுகிறது? ஆசிரியர் தப்பாகத் திட்டிவிட்டால் வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்கிறாரா? டக்ஷாப் (பள்ளித் தின்பண்டக் கடை) வரிசையில் பெரிய பிள்ளைகள் முந்தினால் யாராவது கேட்கிறார்களா? பிரிஃபெக்டின் (மாணவத் தலைவரின்) தம்பிக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா? பிள்ளைகள் இதையெல்லாம் நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

லாரன்ஸ் கோல்பெர்க் என்ற உளவியலாளர் பிள்ளைகளின் நியாய உணர்வு படிப்படியாக வளர்வதை ஆராய்ந்தவர். கதை சொல்லிக் கேள்வி கேட்டால் மட்டும் போதாது என்று உணர்ந்து, 1974-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சிறு பள்ளியில் வேறு முயற்சி செய்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் வாரம் ஒரு முறை கூடி, ஆளுக்கு ஒரு வாக்கு என்று பள்ளி விஷயங்களை முடிவு செய்வார்கள். ஒரு மாணவியின் பையிலிருந்து 9 டாலர் காணாமல் போனது. எடுத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் நீண்ட நேரம் பேசியபின், ஆளுக்கு 15 சென்ட் போட்டு அவளுக்குத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. திருட்டு அவள் தலைவலி என்று விடாமல், இது நம் எல்லாருக்கும் நடந்தது என்று அந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். எந்த வகுப்பறைப் பாடமும் அந்த 15 சென்ட் அளவுக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

நம் சட்டத்திலும் இதற்கு வாசல் இருக்கிறது. கிரேடு 8-உம் அதற்கு மேலும் உள்ள அரசுப் பள்ளியில் மாணவர் பிரதிநிதிகள் குழு இருக்க வேண்டும். நடத்தை விதிகளை நிர்வாகக் குழு, மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரையும் கலந்துதான் வகுக்க வேண்டும். கலந்தார்களா, கையெழுத்து மட்டும் வாங்கினார்களா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

மூக்குத்தி வழக்கு என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது, அதுவும் நம் வீட்டுச் சம்பந்தம். 2004-இல் டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். காதில் சின்னத் தோடு தவிர வேறு நகை கூடாது என்பது பள்ளி விதி. குடும்ப வழக்கம் என்று அம்மா வாதாடினார். முதலில் பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது, மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2007-இல் அரசியல் சட்ட நீதிமன்றம், தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பில், விலக்குக் கொடுக்காதது நியாயமற்ற பாகுபாடு என்றது. மூக்குத்தி மதக் கடமையா, விருப்பப்பட்ட வழக்கமா என்று கேட்டவர்களுக்கு, மனசார ஏற்றுக்கொண்ட வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று பதில் வந்தது. இப்படிப்பட்ட விலக்கைக் கேட்பதற்கான வழியை, மாணவர், பெற்றோர், ஆசிரியரைக் கலந்து விதிகளில் சேர்க்கும்படி பள்ளிக்கு உத்தரவிட்டது. அதற்குள் அந்தப் பெண் பள்ளிப் படிப்பையே முடித்திருந்தாள்.

சீருடையே வேண்டாம் என்று தீர்ப்பு சொல்லவில்லை. விதியை வைத்திருப்பவர், விதிக்குள் பொருந்தாத ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது காது கொடுக்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. மரியாதை என்று சுவரில் எழுதிய பள்ளி மரியாதையை எப்படிக் காட்டுகிறது என்று ஆராய இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் இந்த வழக்கைச் சொல்லி, நீ தலைமை ஆசிரியராக இருந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் போவது தெரியாது.

குணத்தை எப்படி அளப்பது? கேள்வித்தாள் கொடுத்தால் போதுமா?

கேள்வித்தாள் மட்டும் போதாது. நான் முதன்முதலில் செய்த சிறு ஆய்வில், காப்பி அடித்தது உண்டா என்று கேட்டு வகுப்பில் தாள் கொடுத்தேன். வகுப்பாசிரியர் மேசையருகே நின்றிருந்தார். எல்லாரும் இல்லை என்று எழுதினார்கள். அதே பிள்ளைகள் பஸ் நிறுத்தத்தில் பேசும்போது வேறு கதை. பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைக் கொடுப்பது பிள்ளைகளுக்குப் பழக்கம். நான் அளந்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

அதனால் மூன்று நான்கு பக்கத்திலிருந்து பாருங்கள். பெயர் எழுதாத கேள்வித்தாள் ஒன்று. நீ என்ன செய்வாய் என்று கேட்காமல், உன் வகுப்பில் சாதாரணமாக என்ன நடக்கும் என்று கேட்டால் உண்மை சுலபமாக வரும். மைதானத்திலும் வரிசையிலும் பல வாரம் உட்கார்ந்து பார்ப்பது இன்னொன்று. பிள்ளைகளைச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, ஒரு சிக்கலைச் சொல்லி வாதாட விடுவதும் நல்ல வழி. தண்டனைப் பதிவேடும் கிடைத்தால் பாருங்கள். யாருக்கு எத்தனை டிடென்ஷன், ஒரே தப்புக்கு ஒரே தண்டனையா என்பது அதில் இருக்கும். எல்லாம் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் அந்த முரண்பாட்டைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

ஒரு பள்ளியில் புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள், பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்கிறார்கள். நம்பலாமா?

உடனே நம்பாதீர்கள். திட்டம் இல்லாத, அதே மாதிரியான இன்னொரு பள்ளியோடு ஒப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகள் ஒரு வயது கூடியதாலேயே கொஞ்சம் மாறுவார்கள். அமெரிக்கக் கல்வித் துறை 2010-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் குணம் வளர்க்கும் 7 திட்டங்களை ஆரம்பப் பள்ளிகளில் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. அடுத்த வருஷமே, உணர்ச்சியைக் கையாளவும் பிறரோடு பழகவும் சொல்லிக்கொடுக்கும் 213 திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, நடத்தையிலும் படிப்பிலும் நல்ல முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது. இரண்டையும் படியுங்கள். எப்படி, யார் கையால், எவ்வளவு ஒழுங்காக நடத்தினார்கள் என்பது திட்டத்தின் பெயரைவிட முக்கியம்.

கட்டணம் அதிகமான பள்ளியையும், ஏழைகள் அதிகம் வாழும் டவுன்ஷிப் புறநகரில் கட்டணமே இல்லாத பள்ளியையும் பக்கத்தில் வைத்துக் குணத்தை ஒப்பிடுவது கூடவே கூடாது. அது காசை அளப்பதாக முடியும்.

தமிழில் கேட்கலாமா, ஆங்கிலத்திலா?

பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டில் பேசும் மொழியில். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அது ஆங்கிலம்தான், மனசு வருந்தினாலும் உண்மை அது. தாத்தா ஆயாவிடம் தமிழில் கேளுங்கள், மானம், பழி, பாவம் மாதிரிச் சொற்கள் வரும். அவற்றை ஒரே ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிடாமல் அப்படியே எழுதி விளக்குங்கள்.

என் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், சுலு இனத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். யாருடைய நெறியை வைத்து அளப்பது?

இது கஷ்டமான கேள்வி. கேட்டதற்கே பாராட்ட வேண்டும். பள்ளிச் சட்டப்படி அரசுப் பள்ளியில் மத வழிபாடு நடக்கலாம். ஆனால் எல்லா மதத்துக்கும் நியாயமாக இருக்க வேண்டும், கலந்துகொள்வது பிள்ளையின் விருப்பம். 2017-இல் ஜோகனஸ்பர்க் மேல்நீதிமன்றம், அரசுப் பள்ளி தன்னை ஒரே மதத்தின் பள்ளியாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றது. ஆகவே உங்கள் வீட்டு நெறி அளவுகோல் ஆகாது. மேலே சொன்ன பத்து விழுமியங்கள் எல்லாருக்கும் பொதுவான தொடக்கமாக இருக்கும்.

அதற்குள்ளும் கவனம் வேண்டும். பெரியவர் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் தலை குனிவது பல சுலு வீடுகளில் மரியாதை. அதை மறைக்கிறான், பொய் சொல்கிறான் என்று குறித்துக்கொண்ட ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். மனிதன் மற்ற மனிதர்களால்தான் மனிதன் ஆகிறான் என்ற உபுன்டு எண்ணம் நமக்கு அந்நியமானது இல்லை. கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒருவர் உலையில் இன்னொருவர் பிள்ளை சாப்பிட்டு வளர்ந்ததை நம் ஆயாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். உங்கள் கேள்விகளை ஒரு சுலு மொழி ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? தலைமை ஆசிரியர் எனக்குத் தெரிந்தவர்தான்.

தெரிந்தவராக இருந்தாலும் போதாது. பல்கலைக்கழகத்தின் நெறிக் குழு, அரசுப் பள்ளியானால் மாகாணக் கல்வித் துறை, பிறகு தலைமை ஆசிரியர். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், பிள்ளையும் தன் வாயால் சரி சொல்ல வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்ட பிறகும் பிள்ளை மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். 2021 ஜூலை 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக அமலில் இருக்கிறது. பிள்ளைகளின் தகவலுக்கு அதில் கூடுதல் காவல் உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டை யாராவது அனுப்பினாலும் ஆய்வில் சேர்க்காதீர்கள்.

நேர்மையைச் சோதிக்க வேண்டுமென்றே பணத்தைப் போட்டுவிட்டு ஒளிந்திருந்து பார்க்கலாமா?

ஹார்ட்ஷோர்னும் மேயும் செய்தது ஏறக்குறைய அதைத்தான். இன்று நெறிக் குழு அதற்குச் சுலபமாகச் சம்மதிக்காது, நானும் சம்மதிக்க மாட்டேன். எடுத்த பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டில் சாப்பாடு இல்லாமல் எடுத்தானா என்பது தெரிவதில்லை. நேர்மையை ஆராய வந்தவர் பிள்ளையை ஏமாற்றினார் என்பது மட்டும் அவன் மனசில் நிற்கும். பள்ளியில் தொலைந்த பொருட்கள் வைக்கும் பெட்டியைப் பாருங்கள். என்ன வந்து சேர்கிறது, யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதை வெளிப்படையாகவே கணக்கெடுக்கலாம்.

பேட்டியில் ஒரு பிள்ளை, டீச்சர் அடிக்கிறார் என்று சொல்லிவிட்டால்? யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

அந்த வாக்கை அப்படிக் கொடுத்திருக்கவே கூடாது. பேட்டிக்கு முன்பே சொல்லுங்கள்: நீ சொல்வதை உன் பெயரோடு எழுத மாட்டேன், ஆனால் யாராவது உன்னைக் காயப்படுத்துவதாகத் தெரிந்தால் உதவக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும். 2005-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, உடல் காயம் உண்டாகும் கொடுமை, பாலியல் கொடுமை, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுதல் ஆகியவற்றை நம்பத்தக்க காரணத்தோடு அறியும் ஆசிரியர் போன்றவர்கள் சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, போலீஸிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்த நேரத்தில் ஆய்வை மூடி வையுங்கள். பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, உங்கள் வழிகாட்டியை அன்றைக்கே கூப்பிடுங்கள்.

முடிவு பள்ளிக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

வெளியே சொல்வதற்கு முன் பள்ளிக்குக் காட்டுங்கள். பள்ளியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு பிரிஃபெக்ட், ஒரே ஒரு கிரிக்கெட் கேப்டன் என்று ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் மாற்றிவிடுங்கள். கண்டதை மட்டும் மாற்றாதீர்கள். பள்ளி நன்றாகச் செய்வதையும் அதே கவனத்தோடு எழுதினால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். ஒரு தலைமை ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அவராகவே கூப்பிட்டார்.

பிள்ளைகளிடமும் கொண்டுபோங்கள். பலர் இதைச் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். என்னிடம் வந்த ஒரு மாணவி கிரேடு 9 வகுப்பில் போய்த் தன் முடிவுகளைப் படித்துக் காட்டினாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். "மிஸ், டக்ஷாப் வரிசையில் யாரும் யாரையும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள், சின்னப் பிள்ளைகளை நாங்கள்தான் முன்னால் விடுகிறோம்" என்றான். அவள் இரண்டு வெள்ளிக்கிழமை போய் நின்று பார்த்துவிட்டு வந்து, அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினாள்.